மெடல் குத்திய சாட்சி

தஞ்சாவூரில் மருத்துவம் படித்து, இருபத்துமூன்று வயதில் வெள்ளைக்காரன் பட்டாளத்தில் டாக்டராகச் சேர்ந்தவர் ஜெகபர் அலி. பெஷாவர், ரங்கூன், இம்பால் என்று பதினான்கு வருஷம் சுற்றிவிட்டு, நாற்பத்தேழின் கடைசியில் கேப்டனாக மாயவரம் திரும்பினார். கூட வேலை பார்த்த முஸ்லிம் அதிகாரிகள் பலர் பாகிஸ்தான் பட்டாளத்துக்குப் போவதாக எழுதிக் கொடுத்திருந்தார்கள். இவர் கொடுக்கவில்லை. ஆனாலும் ஊரில் ஆஸ்பத்திரி வைக்க ஒருவரும் இடம் தரவில்லை. மிராசுதார் துரைராசுதான் கடைவீதியில் இருந்த தன் கட்டடத்தைத் திறந்துவிட்டார். "இங்க உட்காருங்க டாக்டர்பாய். எவன் என்ன பேசறான்னு நான் பாத்துக்கறேன்."

டாக்டரிடம் நாலு மெடல்கள் இருந்தன. மூன்று, யுத்தத்துக்குப் போன எல்லோருக்கும் கொடுத்தவை. நாலாவது, வீரத்துக்கான வெள்ளிச் சிலுவை. பர்மாவிலிருந்து பின்வாங்கியபோது, குண்டுவீச்சுக்கு நடுவே காயம்பட்ட அறுபது பேரை ஆற்றைக் கடத்திக் கொண்டுவந்ததற்குக் கிடைத்தது. அதை அவர் ஒருநாளும் குத்திக்கொண்டதில்லை. ஏன் என்று மனைவி ஹமீதா பானுவுக்கு மட்டும் தெரியும். இன்னும் ஒன்பது பேர் அக்கரையில் உயிரோடு கிடந்தார்கள். படகைத் திருப்பக்கூடாது என்றார் கர்னல். 'வழியில் இறந்தார்கள்' என்று ரெஜிஸ்டரில் எழுதச் சொன்னார். ஜெகபர் அலி எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அறுபத்தெட்டு தை மாதம், சம்பா அறுப்பு. துரைராசுவின் வயலில் கூலியாட்கள் அரைப்படி நெல் கூலி கூட்டிக் கேட்டார்கள். துரைராசு வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினார். உள்ளூர் ஆட்கள் வரப்பில் மறித்து நின்றார்கள். துரைராசு துப்பாக்கியை எடுத்துச் சுட்டார். பக்கிரி என்ற ஆளுக்குத் தொடையில் பட்டது.

மத்தியானம் அவனை மாட்டுவண்டியில் போட்டு டாக்டரிடம் கொண்டுவந்தார்கள். அவன் மனைவி செவ்வந்தி தலையைப் பிடித்துக்கொள்ள, டாக்டர் தொடையிலிருந்து பதினோரு ஈய ரவைகளை எடுத்தார். சாயங்காலம் துரைராசு வந்து கதவைச் சாத்தினார்.

"முள்ளுவேலியில விழுந்து கிழிச்சுக்கிட்டான்னு சர்ட்டிபிகேட் எழுதுங்க."

"ரவை எடுத்திருக்கேனே."

"அது உங்களுக்கும் எனக்கும் தெரிஞ்சா போதும். இருபது வருஷத்துல நான் உங்ககிட்ட ஒண்ணு கேட்டிருப்பேனா?"

கேட்டதில்லைதான். டாக்டர் எழுதினார். துரைராசு போனதும் ரவைகளைச் சாக்கடையில் கொட்டினார்.

கூலியாட்கள் பக்கம் நின்ற செங்கொடிக் கட்சிக்காரர்கள் விடவில்லை. கேஸ் கோர்ட்டுக்குப் போனது. துரைராசு பக்கத்துச் சாட்சி டாக்டர்.

"மெடலெல்லாம் குத்திக்கிட்டு வாங்க. கூலிக்காரன் பத்துப் பேர் சொல்றது அதுக்கு முன்னாடி எடுபடாது" என்று துரைராசு சொல்லியனுப்பினார்.

அன்று காலை டாக்டர் மெடல்களை எடுப்பதை ஹமீதா பானு பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஒன்பது பேரை நெனச்சே இருபத்தாறு வருஷமா சரியாத் தூங்கலை நீங்க. பத்தாவதா இவனையும் சேத்துக்கணுமா?"

அவர் சட்டையில் நாலையும் குத்திக்கொண்டு போனார்.

துரைராசுவின் வக்கீல் மெடல்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லவைத்தார். வெள்ளிச் சிலுவை எதற்குக் கிடைத்தது என்பதையும் சொல்லவைத்தார். பிறகு சர்ட்டிபிகேட்டை நீட்டினார். "இது நீங்க எழுதினதுதானே?"

"நான் எழுதினதுதான். ஆனா பொய்" என்றார் டாக்டர். "அவனுக்குப் பட்டது துப்பாக்கிக் காயம். நானே ரவை எடுத்தேன்."

கோர்ட்டில் சலசலப்பு எழுந்தது. வக்கீல் தண்ணீர் குடித்துவிட்டு நிதானமாகக் கேட்டார். "அந்த ரவைங்க எங்க?"

"கொட்டிட்டேன்."

"அப்போ எழுதினது பொய்யா, இப்போ சொல்றது பொய்யா? நாங்க எதை நம்பறது?"

சந்தேகத்தின் பலனைக் கொடுத்து துரைராசுவை விடுதலை செய்தார்கள்.

தீர்ப்பு சொன்ன அன்று வெளியே வேப்பமரத்தடியில் செவ்வந்தி நின்றிருந்தாள். பக்கிரி கம்பை ஊன்றியபடி பக்கத்தில்.

"என்னை மன்னிச்சிடும்மா" என்றார் டாக்டர்.

"அன்னிக்கே சொல்லியிருந்தா ரவை கையில இருந்திருக்கும்ல ஐயா" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. புருஷனைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.

அந்த வாரமே துரைராசு கட்டடத்தைக் காலி செய்யச் சொன்னார். டாக்டரும் மனைவியும் பேராவூரணி போனார்கள். அங்கே மைத்துனருடைய தேங்காய் குடோனில் ஒரு தடுப்பு வைத்து வைத்தியம் பார்த்தார். மாதம் ஒருமுறை பஸ் ஏறி வந்து பக்கிரியின் காலைப் பார்த்தார். செவ்வந்தி தடுக்கவில்லை. 'உக்காருங்க' என்றும் சொல்லவில்லை.

மறு வருஷம் கூலிச் சட்டம் வந்தது. கேட்ட அரைப்படியும் கிடைத்தது. செவ்வந்தி நடவுக்கும் அறுப்புக்கும் போனாள். பக்கிரியால் சேற்றில் கால் ஊன்ற முடியவில்லை. குடிசை வாசலில் உட்கார்ந்து, மற்றவர்கள் வயலுக்குப் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பான்.