யார் பெற்ற பிள்ளையோ

2025 செப்டம்பர் 25, வியாழக்கிழமை, காலை 10.40. வானம் மூடிக் கிடந்தது, மழை இல்லை. திண்டுக்கல்லில் ஒரு மருத்துவமனையின் மாடியில் ஞாபகச் சோதனைக்காக என் மகன் என்னை உட்கார வைத்திருந்தான். மொபெட்டிலேயே சாவியை விட்டுவிட்டு இரண்டு முறை வந்துவிட்டேன். எழுபத்தெட்டு வயதில் மொத்தமே இரண்டு. சோதனையில் தேறினால்தான் ரெட்டியார்சத்திரம் தோட்டத்துக்கு இனி மொபெட்டில் போகலாம் என்றான்.

கேள்வி கேட்ட பெண் நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னாள். இரண்டு வரை இறங்கினேன். பிறகு பேனாவைக் காட்டினாள்.

"இது என்ன தாத்தா?"

"பேனா."

"நிச்சயமாத் தெரியுமா?"

சுருக்கென்றது. முப்பத்தோரு வருடம் நில அளவையராக இருந்தவன் நான். ஒரு கல்லிலிருந்துதான் அளக்கத் தொடங்குவோம். அந்தக் கல்லையே சந்தேகித்தால் அளவுச் சங்கிலியை எங்கே பிடிப்பது? இது பேனாதானா என்று எனக்கு ஐயம் வந்தால், 'நிச்சயம்' என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்பது மட்டும் எப்படி உறுதியாக இருக்கும்? அவள் கேள்வியே எனக்குப் புரியாதே.

அடுத்து என் மகனைக் காட்டினாள். "இவரு யாரு?"

"யாரு பெத்த பிள்ளையோ. நீயே விசாரிச்சுச் சொல்லு தாயி."

அவள் எழுதினாள். எட்டிப் பார்த்தேன்: 'மகனை அடையாளம் தெரியவில்லை' என்றிருந்தது.

"ஏம்மா, அது கோவத்துல சொன்னது. இவன் என் மகன்."

"சரிங்க தாத்தா."

"எனக்கு நல்லாத் தெரியும்மா, என் மகன்தான். சத்தியமா."

"சரிங்க, டென்ஷன் ஆகாதீங்க."

மூன்றாம் முறையும் சொன்னேன். சொல்லச் சொல்ல என் காதுக்கே பொய் போல விழுந்தது. பக்கத்தில் நிற்பவனைக் காட்டி, இவன் என் மகன் என்பது எனக்குத் தெரியும் என்று எந்தத் தகப்பன் சொல்வான்?

அவன் வாயைத் திறந்திருக்கலாம். எங்க அப்பா பேச்சே அப்படித்தான் என்று ஒரு வார்த்தை. நாற்பத்தொன்பது வருடமாக இந்த வாயைக் கேட்டு வளர்ந்தவன். படியிறங்கும்போது சாவியைத் தன் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, "டாக்டர் சொல்றபடி பாப்போம்ப்பா" என்றான்.

முப்பத்தெட்டு நாள் தோட்டத்துக்குப் பஸ்ஸிலும் ஆட்டோவிலும் போனேன். பிறகு நானே வேறொரு மருத்துவரிடம் அவனை இழுத்துக்கொண்டு போனேன். அங்கேயும் இவர் யார் என்று கேட்டார்கள். "என் மகன்" என்றதோடு நிறுத்திக்கொண்டேன். குறை ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். சாவியைத் தந்தவன் செலவையும் தர வந்தான். வாங்கவில்லை; வாய் என்னுடையது.

முதல் சோதனை 900. போக்குவரத்து, நாளுக்கு 140 வீதம், 5,320. இரண்டாம் சோதனை 1,200. ஆக மொத்தம் 7,420 ரூபாய்.