யானையை உட்கார்ந்து பார்க்க எந்த நாடு?

போன வாரம் வண்டிப்பெரியார் பஸ்ஸில் ஒரு வாசகர் பிடித்துக்கொண்டார். "சார், ஆப்பிரிக்கா போயிட்டு வந்தீங்களாமே... சஃபாரிக்குக் கென்யா நல்லதா, தான்சானியா நல்லதா?"

அடடா, இதே கேள்விக்காக எங்கள் வீட்டில் ஒரு பட்டிமன்றமே நடந்ததே!

என் தங்கை பேச்சியம்மாள் தேயிலை எஸ்டேட்டில் முப்பது வருஷம் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவள். அவள் மகள் நைரோபியில் நர்ஸ். "அம்மாவைக் கூட்டிட்டு வாங்க மாமா. எனக்கு லீவு கொஞ்ச நாள்தான். ஏதாவது ஒரு நாடு சொல்லுங்க" என்றாள்.

விடுவேனா? இன்டர்நெட்டைக் குடைந்தேன். தான்சானியாவில் காடு பரந்து விரிந்தது. கென்யாவில் அலைச்சல் குறைவு. நான் தான்சானியா கட்சி.

பேச்சி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "ஏண்ணே, எந்த ஊர்ல ஆனைய உக்காந்து பாக்கலாம்?"

"ஏன் அப்படிக் கேக்குற?"

"முப்பது வருசமா ஓடிக்கிட்டேதான பாத்திருக்கேன்..."

எனக்குச் சுருக்கென்றது. தான்சானியாவை மடித்து வைத்துவிட்டு யானைகளைத் தேடினேன். கென்யாவின் அம்போசெலி வனப் பூங்கா கிடைத்தது. பின்னால் நிற்கும் கிளிமஞ்சாரோ மலை தான்சானியாவுக்குச் சொந்தம். அதைப் பார்க்க வாகான இடம் கென்யாவில்! அணை ஒரு மாநிலத்தில், தண்ணீர் இன்னொரு மாநிலத்துக்கு என்று வளர்ந்த எங்களுக்கு இது புதுசா என்ன?

அம்போசெலியில் முதல் நாள் காலை. ஜீப் போய்க்கொண்டிருந்தது. பேச்சி மூக்கை உறிஞ்சினாள்.

"ஆனை வாடை அடிக்குது. வண்டிய நிப்பாட்டச் சொல்லுடி."

மகள் சொன்னாள். டிரைவர் சிரித்தபடி நிறுத்தினார். கொஞ்ச நேரத்தில் புதருக்குப் பின்னாலிருந்து பதினோரு யானைகள்!

பேச்சி துள்ளி எழுந்தாள். "ஆனேய்ய்... கொழுந்தப் போட்டுட்டு ஓடுங்கடீ!"

எஸ்டேட் வழக்கம் அது. முதலில் பார்ப்பவள் கத்தி, மற்றவர்களை ஓடவிட்டுவிட்டுத்தான் தான் ஓட வேண்டும். அங்கே ஓட யார் இருக்கிறார்கள்? டிரைவர் பதறி உதட்டில் விரல் வைத்தார். முன்னால் வந்த யானை காதை விரித்து நின்றது.

பேச்சி வாயைப் பொத்திக்கொண்டாள். மெதுவாக... உட்கார்ந்தாள். கடைசி யானை கண்ணிலிருந்து மறையும்வரை எழவே இல்லை. எனக்குத்தான் கண் கலங்கிவிட்டது.

அதன்பிறகு டிரைவர் ஒவ்வொரு புதர் வந்ததும் திரும்பி அவள் மூக்கைத்தான் பார்த்தார். அன்று என்னைவிடப் பெருமைப்பட்ட அண்ணன் ஆப்பிரிக்காவிலேயே இருந்திருக்க மாட்டான்.

பஸ் வாசகருக்கும் இதையே சொன்னேன்: நாடு எதுவானாலும் சரி... முன் சீட் என் தங்கைக்கு!