கத்திரிச் செடிக்கு ஒரு கிளிப்பச்சைச் சேலை

போன ஞாயிற்றுக்கிழமை என் வீட்டு மொட்டை மாடியில் இரண்டு குடும்பங்களின் உறவு அறுந்திருக்க வேண்டும். அறவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

அதற்கு முன் கொஞ்சம் என் பெருமை. உங்களுக்குத்தான் பழகிவிட்டதே...

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். இரும்பு வார்க்கிற பட்டறையில் மண் சுமந்தேன். பிறகு சொந்தமாகப் பட்டறை போட்டேன். உருகிய இரும்புக்கு முன்னால் நின்று கோயம்புத்தூரில் வீடு கட்டியவனுக்கு மே மாத வெயில் எம்மாத்திரம்? மாடியில் தொட்டி வைத்துக் காய் போட்டிருக்கிறேன் என்றதற்கு, அப்படிப்பட்டவனிடம்தான் என் சம்மந்தி போனில் சொன்னார்: "தொட்டியில வெக்கறதெல்லாம் பூச்செடிக்கு ஆகுமுங்க சம்மந்தி. காயின்னா பூமி வேணுமுங்க."

என் மகனுக்குப் பெண் கொடுத்தவர். அந்தியூர்ப் பக்கம் தோட்டக்காரர். எப்போது வந்தாலும் ஒரு மூட்டைக் காயை இறக்கிவிட்டு, "டவுனுல பாவம், நீங்க என்ன பண்ணுவீங்க" என்று ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வையை எத்தனை வருஷம் தாங்குவது?

"அடுத்த மாசம் ஒரு ஞாயித்துக்கெழமை பொழுதோட நம்மூட்டு மாடிக்கு வாங்க. என்ற காயை, நானே வார்த்த கிரில்லுல, நானே சுட்டுப் போடறனுங்க" என்று சொல்லிவிட்டேன். அப்போது மாடியில் ஒரு பிஞ்சுகூட இல்லை என்பது வேறு விஷயம்.

தளம் கொதிக்கும் என்று தொட்டிகளைச் செங்கல் மேல் ஏற்றினேன். வேரின் மேல் தேங்காய் நார்க் கழிவைப் பரப்பினேன். விடியுமுன் ஒரு தண்ணீர், பொழுது சாய்ந்து ஒரு தண்ணீர். வெண்டை சொன்ன பேச்சைக் கேட்டது. தக்காளி முரண்டு பண்ணிவிட்டுக் கேட்டது. கத்திரி மட்டும் பூத்த வேகத்தில் உதிர்த்தது. உச்சி வெயில் நேராக அடித்தால் பூ நிற்காது. நிழல் வேண்டும்.

கடையில் பச்சை வலை விற்கிறார்கள். ஆனால் வீட்டிலேயே மெட்டீரியல் இருக்கும்போது வெளியில் வாங்குபவன் ஒரு பட்டறைக்காரனா?

மனைவியின் பீரோவைத் திறந்தேன். பழைய சேலை எடுக்கலாம். ஆனால் பழையது காற்றில் கிழியும். அடியில் ஒன்று கிடந்தது — கிளிப்பச்சை, ரோஸ் பார்டர், ஒருநாளும் உடுத்தாதது. இழுத்துப் பார்த்தேன். நூல் அசையவில்லை. காற்றும் புகுந்து போகிறது. நாலு மூலைக்கும் கம்பி முறுக்கி, யானை இழுத்தாலும் வராதபடி கட்டிவிட்டேன்.

பத்து நாளில் பூ நின்றது. பிறகு காய்த்தது பாருங்கள்... வரியும் பச்சையுமாக, கொத்துக் கொத்தாக!

ஞாயிறு சாயங்காலம் சம்மந்தியும் சம்மந்தியம்மாவும் வந்து கீழே மோர் குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் மாடியில் கரியை மூட்டிவிட்டேன். கடலை எண்ணெயும் மிளகுத்தூளும் கல்லுப்பும் தடவிய காய்கள் தட்டில் தயார்; வெண்டை மட்டும் ஏற்கெனவே கிரில் மேல். முழங்கால் வலியால் மாடிக்கே வராத என் மனைவி, அன்றைக்கென்று தண்ணீர்ச் சொம்போடு ஏறி வந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். சொம்பை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"ஏனுங்க... அது என்னங்க மேல?"

"நிழலுக்கு அம்மணி."

"கலியாணத்துல சம்மந்தியம்மா எனக்கு எடுத்துக் குடுத்த சேலைங்க அது."

எனக்கு அடுப்புச் சூட்டையும் மீறி வேர்த்தது. "நீதான் ஒருநாளும் கட்டலையே?"

"கலரு புடிக்கலீங்க. அதுக்குன்னு கத்திரிக்காய்க்குக் கட்டிவிடுவாங்களா? அந்தம்மா பாத்தா மூஞ்சியில முழிப்பாங்களா? நம்ம மருமக என்ன நெனைப்பா?"

கம்பியைப் பிரிக்கப் பார்த்தேன். யானைக்கே வராதது எனக்கு வருமா? அதற்குள் படியில் சத்தம்.

"அடுப்பைக் கீழ கொண்டாந்துடறனுங்க, மேல ஒரே வெக்கை" என்று குரல் கொடுத்தேன்.

"இருக்கட்டுமுங்க. செடியப் பாக்கறதுக்குத்தானுங்க வந்தது" என்றபடி சம்மந்தி ஏறிவிட்டார். பின்னாலேயே சம்மந்தியம்மா.

படிக்காதவனுக்கு அவசரத்தில்தான் மூளை வேலை செய்யும். பக்கத்தில் கிடந்த ஈரத் தேங்காய் மட்டையைத் தூக்கிக் கரியில் போட்டேன். குப்பென்று புகை. மாடியே மறைந்தது. சேலையும் மறைந்தது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

"என்னங்க சம்மந்தி, காயச் சுடறீங்களா, கொசு முடுக்கறீங்களா?" என்று இருமினார் சம்மந்தி.

எல்லாருக்கும் கண் எரிந்தது. சம்மந்தியம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, புகையில்லாத இடமாகப் பார்த்து ஒதுங்கினார். காற்று திரும்பியதில் மாடியில் புகையில்லாத இடம் ஒன்றே ஒன்றுதான் — கத்திரித் தொட்டிகளுக்கு நடுவில், நேராக அந்தச் சேலைக்கு அடியில்!

நிமிர்ந்தார். கையை உயர்த்தி ரோஸ் பார்டரை விரலால் தடவினார். என் மனைவி தரையைப் பார்த்தாள்.

"ஏனுங்கண்ணி, இது நானு எடுத்துக் குடுத்ததுங்களா?"

"அவளுக்குத் தெரியாதுங்கம்மா" என்றேன். "நாந்தானுங்க எடுத்துக் கட்டினது. மெட்டீரியல் அத்தனை நல்லா இருந்துதுங்க."

இன்னும் கொஞ்ச நேரம் தடவினார். பிறகு ஒரு காயைப் பிடித்துப் பார்த்தார். முகத்தில் சிரிப்பா, அழுகையா — புகையில் தெரியவில்லை.

"பரவால்லீங்கண்ணா. உங்கூட்டுல இருந்து எனக்கு எடுத்துக் குடுத்தீங்களே, ஆரஞ்சு... அதை நானு கோழிக் கூண்டு மேல போட்டிருக்கறனுங்க. வெயிலு தெரியாம படுத்துக்குதுங்க."

"ஏம் புள்ள, அதைப் போயி சொல்லோணுமா?" என்று சம்மந்தி தலையில் கை வைத்தார்.

முதலில் சிரித்தது என் மனைவி. பிறகு இரண்டு பெண்களும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் வெண்டைக்காய் கருகியதைக்கூட யாரும் பார்க்கவில்லை. கத்திரி பிழைத்தது. சம்மந்தி மூன்று காய் தின்றுவிட்டு, "தொட்டிக்கு இது எச்சுத்தானுங்க" என்றார். எச்சு என்றால் எங்கள் பக்கம் அதிகம்; அந்தியூர்த் தோட்டக்காரர் வாயில் அதற்கு மேல் பாராட்டு வராது.

யோசித்துப் பாருங்கள். நம் பக்கத்து மரியாதை எப்படி? கொடுத்தால் "நல்லா இருக்குதுங்க" என்போம். பீரோவில் அடியில் வைப்போம். ஆயுசு முழுக்க இரண்டு வீட்டிலும் ஒரே பொய். ஒரு சேலை வெளியே வந்து வெயிலில் நின்றதும் எத்தனை லேசாகப் போயிற்று!

எனக்கு மட்டும் ஒரு மனத்தாங்கல். அந்த ஆரஞ்சுச் சேலை, பெண்கள் யாரையும் நம்பாமல், கடையில் அரை நாள் உட்கார்ந்து என் கையால் பொறுக்கி எடுத்தது. கோழிக்கு என்று முன்பே சொல்லியிருந்தால் ஜரிகை இல்லாமலாவது எடுத்திருப்பேன்.