பழைய டியூபை மாட்டாதவர்

களக்காட்டில் என் புல்வெட்டும் மிஷினைப் பழுது பார்த்த மெக்கானிக்கின் பெயரை நான் கேட்டுக்கொள்ளவே இல்லை. ஐம்பது வயதிருக்கும். ஒடிசலான உடம்பு. பேசும்போது ஆளின் முகத்தைப் பார்க்கமாட்டார்.

என் மிஷின் முதுகில் மாட்டிக்கொண்டு ஓட்டுவது. அதன் பெட்ரோல் டியூப் வெடிப்பு விட்டுக் கசிந்தது. வாழைத் தோட்டத்தில் அன்றைக்கே புல் வெட்டியாக வேண்டும். நுனியை மட்டும் நறுக்கிவிட்டு அதையே மாட்டித் தரச் சொன்னேன்.

அவர் டியூபை உருவி, விரல் நீளத் துண்டுகளாக நறுக்கிப் போட்டார். வெடித்த டியூபை யார் கொண்டுவந்தாலும், திரும்ப மாட்ட முடியாதபடி அப்படித்தான் செய்வாராம்.

“ஏன் அண்ணாச்சி, இன்னும் கொஞ்ச நாள் ஓடியிருக்குமே?”

“இப்படித்தான் ஒருத்தர் கேட்டாரு தம்பி. நானும் மாட்டிக் குடுத்தேன். வயல்ல ஓட்டிக்கிட்டு இருக்கும்போதே தீப்பிடிச்சிட்டு. முதுகு பூராவும் வெந்துபோச்சு.”

“இப்போ எப்படி இருக்காரு?”

“இருக்காரு. குப்புறத்தான் படுக்க முடியுது. வாரா வாரம் போய்ப் பாக்கேன். ‘நான் கேட்டுத்தான வே செஞ்சீரு, உம்ம மேல தப்பு இல்ல’ன்னு சொல்லுதாரு. ஒரு நாளாவது என்னை ஏசியிருக்கலாம்.”

புது டியூபை மாட்டி, பெட்ரோல் ஊற்றி, இணைப்பை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். உங்கள் மேல் என்ன தப்பு என்று நானும் ஆரம்பித்தேன். அவர் சட்டென்று மிஷினை ஸ்டார்ட் செய்யும் கயிற்றை இழுத்தார். மிஷின் போட்ட சத்தத்தில் நான் சொன்னது எனக்கே கேட்கவில்லை.

அவரிடம் வேறு என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.