இருட்டு வேஷம்

தொண்ணூறுகளில் மைசூரில் எங்கள் தமிழ்ச் சபையில் கிறிஸ்துமஸ் நாடகம் போட்டார்கள். ஒளி இருளை வெல்கிற கதை. ஒளியாக நடிக்கச் சிவப்பாக இருந்த ஒரு பெண்ணை எடுத்தார்கள். இருட்டாக நடிக்க என் ஒன்பது வயது மகளை எடுத்தார்கள். அவள் என்னைப் போலக் கருப்பு.

வேஷம் பிரித்துக் கொடுத்த ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் சண்டே ஸ்கூல் டீச்சரைப் பிடித்துக்கொண்டேன்.

"எதுக்கு டீச்சர் இவளை இருட்டாக்குனீங்க?"

"பொருத்தமா இருப்பான்னுதான் அக்கா. மேக்கப்கூட வேண்டாம்" என்று சிரித்தார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "இருட்டுன்னா பாவம்னு நீங்கதானே சொல்லித் தர்றீங்க? அப்ப எங்க தோலு பாவமா?" என்று கத்தினேன்.

பாஸ்டர் வந்து, "சின்ன விஷயம், விடுங்கம்மா" என்றார். அதைக் கேட்டு இன்னும் எரிந்தது.

மகளை இழுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன். அவள் வழியெல்லாம் அழுதாள். "எனக்குத்தான்மா நெறைய வசனம். ஒளிக்கு ரெண்டே வரி."

அவளுக்காகத்தான் நடிக்க விட்டேன். மேடையில் இருட்டு தோற்று விழுந்தபோது சபையே கைதட்டியது. நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

மன்னிக்க வேண்டும் என்று அதே சபைதான் எனக்குச் சொல்லித் தந்தது. அந்த டீச்சரை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.