விசாரிக்க வந்தவர்

போர்ச்சுகலில் தங்கி, வீட்டிலிருந்தே பார்க்கும் என் கம்ப்யூட்டர் வேலையை அங்கிருந்து பார்க்க அனுமதி கேட்டிருந்தேன். என்மேல் வழக்கு எதுவும் இல்லை என்று போலீஸ் சான்றிதழ் வேண்டும். அதற்காக, மலைமேல் வாழவந்தி நாடு என்கிற ஊரில் நான் வாடகைக்கு இருந்த வீட்டுக்கு ஒரு போலீஸ்காரர் பைக்கில் வந்தார். ஒடிசலான ஆள். ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

“உங்களத் தெரிஞ்சவங்க ரெண்டு பேரு சாட்சிக் கையெழுத்துப் போடணுங்க. யாரக் கூப்பிடலாம்?”

இரண்டு வருடமாகக் கதவைச் சாத்திக்கொண்டு திரையோடு பேசியவனுக்கு ஒரு பெயரும் வரவில்லை. அவரே பக்கத்து மிளகுத் தோட்டத்து அம்மாவிடம் போய்க் கேட்டார்.

“அந்த ஊட்டுல ஆளு இருக்குதுங்களா?” என்றார் அந்த அம்மா.

என் முகம் சுண்டிப்போயிற்று. போலீஸ்காரர் கண்ணாடியைத் துடைத்தார்.

“வண்டியில ஏறுங்க.”

பக்கத்து ஊரான சோளக்காட்டின் டீக்கடையில் டீக்காரரையும் அன்னாசி விற்பவரையும் என் எதிரே உட்காரவைத்தார். என் ஊர், வேலை, கல்யாணம் ஆகாதது எல்லாவற்றையும் என் வாயாலேயே சொல்லவைத்தார்.

“இப்பத் தெரிஞ்சுபோச்சில்லீங்க? கையெழுத்தப் போடுங்க” என்றார் அவர்களிடம்.

புறப்படும்போது என் பக்கம் திரும்பினார். “அங்க விசாரிக்க வந்தா யாரச் சொல்லுவீங்க?”

சிரித்து மழுப்பினேன்.

போர்ச்சுகல் போய்ச் சேர்ந்தபின், லிஸ்பனில் அனுமதி அட்டை தபாலில் வந்து பெட்டியில் கிடந்தது. என்னைத் தெரியுமா என்று அக்கம்பக்கத்தில் யாரும் கேட்கவில்லை. படியில் காலடிச் சத்தம் கேட்டால் இன்னமும் எழுந்து கதவருகே போய் நிற்கிறேன். வருகிறவர்கள் மேல்மாடிக்குப் போய்விடுகிறார்கள்.