அத்தை நாய்க்கு வைத்த பெயர்

மிருகாசுபத்திரியிலிருந்து வந்திருந்த பெண் தலையைத் தூக்காமல் எழுதிக்கொண்டே, "பட்டியுடெ பேரு எந்தா, அம்மச்சீ?" என்று மலையாளத்தில் நாயின் பெயரைக் கேட்டாள். சூரியநெல்லியில் எங்கள் தேயிலை எஸ்டேட்டின் கொழுந்து நிறுக்கும் கொட்டகையில் அன்று நாய்களுக்கு வெறிநோய்த் தடுப்பூசி போட்டுக்கொண்டிருந்தார்கள். ஊசி போட்டதும் ஒரு அட்டை தருவார்கள். அதில் நாயின் நிறம், வயது, பெயர் எல்லாம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பஞ்சாயத்தில் லைசென்ஸ் கிடைக்காது. எங்கள் கருப்பு நாய்க்கு அப்போது ஏழெட்டு மாதம் இருக்கும். அதுவரை அதற்குப் பெயர் இல்லை. ஏதாவது ஒன்றைச் சொல்லிவைப்போம் என்று நான் வாயைத் திறப்பதற்குள், கயிற்றைக் கையில் சுற்றிப் பிடித்திருந்த அத்தை என்னை முந்திக்கொண்டு ஒரு பெயரைச் சொன்னார். அது என் மாமனாரின், அதாவது அத்தையின் புருஷனுடைய பெயர். அந்தப் பெண்ணுக்குச் சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது, மறுபடியும் கேட்டாள். அத்தை இன்னும் உரக்கச் சொன்னார். எங்களுக்குப் பின்னால் நின்றிருந்த, எங்கள் லயத்து வரிசை வீடுகளில் குடியிருப்பவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். மாமனார் இறந்து அப்போது பதினோரு மாதம் ஆகியிருந்தது.

அந்தப் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. என் வீட்டுக்காரரை நான் வாய் நிறையப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவள். கல்யாணமாகிக் கொல்லங்கோட்டிலிருந்து இந்த மலைக்கு வந்த முதல் வாரத்திலேயே, 'புதுப் பொண்ணு புருசனை ஏலம் போடுது' என்று லயம் முழுக்கப் பெயர் வாங்கியவள். ஆனாலும் மாமனாரின் பெயர் என்று வரும்போது எனக்கும் கை நின்றுவிடுகிறது. இதைப் படிப்பவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்தாலும் சரிதான். ஊறிப்போனது அவ்வளவு லேசில் உதிர்வதில்லை.

அத்தையின் கதை வேறு. முப்பத்து நாலு வருஷக் குடும்ப வாழ்க்கையில் அவர் அந்தப் பெயரை ஒரு முறைகூட உச்சரித்ததில்லை. ரேஷன் கடையில் கேட்டால் கார்டை நீட்டுவார். பேங்கில் கேட்டால் பக்கத்தில் நிற்கிற யாரையாவது பார்ப்பார், அவர்கள் சொல்வார்கள். கோயிலில் அர்ச்சனைக்குப் பூசாரி பெயர் கேட்டால் மகனின் விலாவில் ஒரு இடி விழும். எஸ்டேட் கடைக்காரருக்கும் அதே பெயர்தான், ஆகவே அவர் அத்தைக்கு ஆயுசு முழுக்கக் 'கடைக்கார அண்ணன்'. நான் வந்த புதிதில் இதை வைத்து அவரை நிறையச் சீண்டியிருக்கிறேன். காதோடு காதாக என்னிடம் ஒரு தடவை சொல்லுங்கள், யாருக்கும் தெரியாது என்பேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார், சொல்ல மாட்டார். மாமனாரைக் கூப்பிட வேண்டுமென்றால் 'ஏங்க' என்பார். லயத்தில் இருந்த அத்தனை பெண்களுக்கும் அவரவர் புருஷனைக் கூப்பிட அந்த ஒரு சொல்தான். ஒரு வீட்டில் 'ஏங்க' என்றால் நாலு வீட்டு வாசலில் நாலு தலை எட்டிப் பார்க்கும். அதையும் நாங்கள் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம்.

மாமனார் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் பகுதியில் வேலை பார்த்தார். ஓய்வுபெற ஒரு வருஷமும் சில மாதங்களும் பாக்கி இருந்தன. காலை வேலைக்கு லயத்திலிருந்து ஐந்து பேர் சேர்ந்தே கிளம்புவார்கள் என்றாலும், இவருக்கு எட்டி எட்டி வைக்கிற நடை, எப்போதும் மற்றவர்களுக்கு ஐம்பது அடி முன்னால் போய்விடுவார். தலையில் கம்பளிக் குல்லாய், கையில் தூக்குச்சட்டி. அன்று காலை நல்ல மூடுபனி. அத்தை வாசல் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் லயம் மேட்டில் இருக்கிறது, பாதை கீழே இறங்கிப் போய் கிராண்டிஸ் என்கிற ஒரு யூகலிப்டஸ் மரத்தடியில் வளையும். ஒரு நிமிஷம் பனி விலகியபோது அந்த வளைவுக்கு அப்பால், தேயிலைச் செடிகளுக்கு நடுவில், யானை நிற்பதை அத்தை பார்த்துவிட்டார். "ஏங்க, ஏங்க" என்று கூப்பிட்டிருக்கிறார். பின்னால் வந்த நாலு பேருக்கும் அது கேட்டது. யாரோ ஒருத்தி, எதையோ மறந்துவிட்டுப் போன தன் புருஷனைக் கூப்பிடுகிறாள் என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றார்கள். முன்னால் போனவர் திரும்பவில்லை. அத்தைக்கு 'யானை' என்ற சொல் வாயில் வந்தபோது அவர் வளைவைத் தாண்டிவிட்டார்.

அதன் பிறகு வந்த நாட்களில் வீட்டுக்கு வந்த எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள். அவ்வளவு தூரத்துக்குக் கேட்டிருக்காது. பனியில் சத்தம் அமுங்கிவிடும். யார் கூப்பிட்டிருந்தாலும், என்ன சொல்லிக் கூப்பிட்டிருந்தாலும் அவர் காதில் விழுந்திருக்காது. அந்த நாலு பேரும் தனித்தனியாக வந்து சொன்னார்கள். நானும் சொன்னேன், ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொன்னேன். அத்தை தலையை ஆட்டுவார். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அவர் எழுந்து நடமாடினார், மறுபடியும் கொழுந்தெடுக்கப் போனார், கொஞ்சமாகச் சாப்பிடவும் ஆரம்பித்தார். எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

நாய் வந்தது மாமனார் போன ஏழாம் மாதத்தில். என் வீட்டுக்காரர் சுற்றுலா ஜீப் ஓட்டுகிறார். சின்னக்கானல் போகிற வழியில் டீக்கடை வாசலில் நனைந்துகொண்டு நின்ற குட்டியை வண்டியில் தூக்கிப்போட்டுக்கொண்டு வந்துவிட்டார். காது நுனியிலிருந்து வால் நுனி வரை கருப்பு, நகம்கூடக் கருப்பு. பெயர் வைப்பதில்தான் சிக்கல். கருப்பன் என்று வைக்கலாம் என்றால், எஸ்டேட் எல்லையில் அரிவாளோடு நிற்பது கருப்பசாமி, அந்தப் பேச்சே கூடாது என்றார்கள் பக்கத்து வீட்டில். என் வீட்டுக்காரர் பிளாக்கி என்றார். அப்படி ஏற்கெனவே மூன்று பிளாக்கிகள் லயத்தில் இருந்தன. எங்கள் ஊரில் எந்த நிற நாயாக இருந்தாலும் மணிதான், அதையே வைத்துவிடலாம் என்றேன் நான். அத்தை மட்டும் எந்தப் பெயருக்கும் பிடிகொடுக்கவில்லை. குட்டிக்குச் சோறு போடுவதும் குளிப்பாட்டுவதும் அவர்தான். "பேருக்கு என்ன அவசரம்? இருக்கட்டும்" என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார்.

அதனால்தான் கொட்டகையில் அவர் அந்தப் பெயரைச் சொன்னபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அன்று சாயங்காலமே விஷயம் என் வீட்டுக்காரர் காதுக்குப் போய்விட்டது. அவர் கோபக்காரர் இல்லை. ஆனால் அன்று ஜீப் சாவியைச் சுவரில் எறிந்தார். "அப்பா பேரை நாய்க்கா வைப்பாக? நாளைக்கு அவனவன் கல்லைத் தூக்கி எறிஞ்சு அந்தப் பேரைச் சொல்லி வெரட்டுவான், நான் கேட்டுக்கிட்டு நிக்கணுமா?" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அத்தை அடுப்பைப் பார்த்தபடி, "கொஞ்ச நாளைக்கு இருக்கட்டுமப்பா. பொறவு நீ எப்பிடி வேணாலும் மாத்திக்கோ" என்றார். மகன் இரண்டு நாள் வீட்டில் சாப்பிடவில்லை. லயத்திலோ வாய் ஓயவில்லை. புருஷன் போனதும் புத்தியும் போய்விட்டது என்றார்கள், இருந்தபோது சொல்லாத பெயரை இப்போது நாய்க்குக் கொடுத்து என்ன வஞ்சம் தீர்க்கிறாள் என்றும் கேட்டார்கள்.

நான் அத்தையின் பக்கம் நின்றேன். ஏதோ எனக்குத்தான் எல்லாம் புரிந்துவிட்டது என்ற நினைப்பு. ஆயுசு முழுக்க வாய்க்குள்ளேயே பூட்டி வைத்திருந்த பெயரை இப்போதாவது ஒரு சாக்கு வைத்துச் சொல்லிப் பார்க்கிறார், இதைவிடப் பெரிய பிரியம் உண்டா என்று என் வீட்டுக்காரரிடம் சண்டை போட்டேன். நான் வரவேற்பில் வேலை பார்க்கும் விடுதியில் தோழிகளிடம் சொல்லி இரண்டு பேரை அழவும் வைத்தேன். ஒவ்வொரு நாளும் சோற்றுத் தட்டோடு படியில் நின்று அத்தை அந்தப் பெயரைக் கூப்பிடுவார். முதலில் தயங்கித் தயங்கி வந்த பெயர் பத்து நாளில் தடையில்லாமல் வந்தது. நாயும் எங்கே இருந்தாலும் ஓடிவரப் பழகிவிட்டது. உள்ளே இருந்து கேட்கும்போது எனக்கு மனசு நிறையும். இப்படி ஒரு முட்டாளாக நான் வேறெப்போதும் இருந்ததில்லை.

முதல் வருஷத் திதிக்கு நாலு நாள் இருந்தது. காலையில் எழுந்தபோது எதிர்வீட்டுக் கூரைகூடத் தெரியாத மூடுபனி. யானைக்கூட்டம் அன்று அணைக்கு அந்தப் பக்கம் இருப்பதாக எங்கள் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்திருந்தது. அத்தை அதை என்னிடம் இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு நாயின் கயிற்றை அவிழ்த்து என்னிடம் விட்டு, "இதைக் கூட்டிக்கிட்டு அந்தக் கிராண்டிஸ் மரத்தடியில போயி நில்லு தாயி. நான் இங்கன இருந்து கூப்புடுதேன். கேக்குதா கேக்கலையான்னு வந்து சொல்லு" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அவர் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. நடக்கும்போதே முடிவுசெய்துகொண்டேன், என் காது கிழிகிற மாதிரி கேட்டாலும் கேட்கவில்லை என்றுதான் சொல்லப் போகிறேன்.

வளைவில் நின்றேன். மரத்திலிருந்து பனி சொட்டிக்கொண்டிருந்தது. நாய் செடியடியில் எதையோ முகர்ந்துகொண்டிருந்தது. முதலில் மேட்டிலிருந்து 'ஏங்க' என்று வந்தது. மெல்லிசாக, ஆனால் வந்தது. யாருடைய குரல் என்று சொல்ல முடியாது, எந்த வீட்டுப் பெண்ணாகவும் இருக்கலாம். நாய் தலையைக்கூடத் தூக்கவில்லை. எனக்கு அப்பாடா என்றிருந்தது. அடுத்துப் பெயர் வந்தது. அத்தை தன் பலம் முழுவதையும் சேர்த்துக் கூப்பிட்டிருக்க வேண்டும். பனியோ தூரமோ அதை ஒன்றும் செய்யவில்லை. என் பெயர் இல்லை, ஆனாலும் நான் திரும்பிவிட்டேன். கழுத்தைப் பிடிக்கக் குனிவதற்குள் நாய் மேட்டை நோக்கிப் பாய்ந்துவிட்டது. கூப்பிட முயன்றேன், எனக்கு வாய் வரவில்லை. அதன் பின்னால் ஓடினேன், ஒரு முறை வழுக்கி விழுந்தும் ஓடினேன்.

நான் படியேறியபோது நாய் அத்தையின் காலடியில் நின்று வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. அத்தை அதைத் தொடவில்லை. எனக்கு மூச்சு வாங்கியது.

"ஒண்ணுமே கேக்கலீங்க அத்தை. இது பசிக்கு ஓடி வந்துருச்சுங்க" என்றேன்.

அத்தை என் முழங்காலில் ஒட்டியிருந்த சேற்றைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டார்.

"நீ அப்பிடித்தான் சொல்லுவன்னு தெரியும் தாயி. எல்லாரும் எம் மேல உள்ள பிரியத்துல அப்பிடித்தான சொன்னாக. நாய்க்குப் பொய் சொல்லத் தெரியாதுல்லா. அதுக்குத்தான் அதுக்கு அவுக பேரை வச்சேன்."

பிறகு கூடையை எடுத்துக்கொண்டு கொழுந்தெடுக்கப் போய்விட்டார். அன்றைக்கு அப்புறம் அந்தப் பெயரை அவர் சொல்லி யாரும் கேட்டதில்லை. இது நடந்து ஆறு வருஷமாகிறது. பெயரை மாற்றலாம் என்று நானும் இவரும் என்னென்னவோ கூப்பிட்டுப் பார்த்தோம், நாய் எதற்கும் திரும்பவில்லை. இன்றைக்கும் அத்தை தட்டில் சோற்றை வைத்துவிட்டுப் பேசாமல் உள்ளே போகிறார். அது உடனே சாப்பிடுவதில்லை. காதைத் தூக்கிக்கொண்டு கதவைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நிற்கிறது.